ஒன்பதாவது கோரிக்கை

என் மகள் ராணுவத்தில் பதினான்கு ஆண்டுகள் செவிலியர் அதிகாரியாக இருந்து மேஜராக வெளியே வந்தவள். நான் அதே ராணுவத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் கிளார்க் வேலை பார்த்து ஹவில்தாராக வெளியே வந்தவன். ஆக எங்கள் குடும்பத்தில் முன்னாள் படைவீரர்கள் இரண்டு பேர். ஊரில் யாரைக் கேட்டாலும் ஒருவர் என்றுதான் சொல்வார்கள். அந்த ஒருவர் நான்.

இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். "எழுதுப்பா. ஆனா முழுசா எழுது. உனக்குத் தோதான இடத்துல நிறுத்திடாத" என்றாள். அவள் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. அதனால் முழுவதையும் எழுதுகிறேன்.

அவள் திரும்பி வந்தபோது வயது முப்பத்தெட்டு. மலைப் பிரதேசத்தில் வேலை பார்த்தபோது அவள் ஏறியிருந்த ஆம்புலன்ஸ் பனியில் சறுக்கிப் பள்ளத்தில் இறங்கியது. இடுப்பெலும்பிலும் கீழ் முதுகிலும் அடி. ஐந்து வாரம் படுத்திருந்தாள். நோயாளியைத் தன் மேல் சாய்த்துப் பிடித்துக்கொண்டதால் அவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை என்று பிறகு வேறொருவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அதன் பிறகு ஒரு பிரசவம். இப்போது வேங்கிக்காலில், கலெக்டர் அலுவலகத்துக்குப் பின்னால் உள்ள புது வீடுகளில் ஒன்றில் கணவனோடும் குழந்தையோடும் இருக்கிறாள். என் வீட்டு வாசலிலிருந்து அவள் வீட்டு வாசலுக்கு நடந்து எண்ணினால் நானூற்றுப் பன்னிரண்டு அடி. மழைக்காலத்தில் பள்ளங்களைச் சுற்றிப் போகவேண்டியிருப்பதால் நானூற்று முப்பதைத் தாண்டிவிடும். இதைப் பற்றி இரண்டு முறை மனு கொடுத்திருக்கிறேன்.

முன்னாள் படைவீரர்களுக்கான கிளினிக் எங்கே இருக்கிறது என்று எழுதப்போவதில்லை. பஸ்ஸில் ஒன்றே கால் மணி நேரம். அவளுக்கு மருத்துவ அட்டை வந்த வாரம் நானும் கூடப் போனேன். பதிவு மேஜையில் இருந்தவர் அட்டையை வாங்கிப் பார்த்தார்.

"சார் வரலீங்களாம்மா?"

"எந்த சார்?"

"கார்டு யார் பேர்ல கீதோ, அந்த சார்."

"என் பேர்லதாங்க இருக்குது."

அவர் அட்டையைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். அங்கே ஒன்றும் எழுதியிருக்கவில்லை. பிறகு என்னைப் பார்த்து, "இன்னா பெரியவரே, உங்க கார்டா?" என்று கேட்டார். கெட்ட மனிதர் இல்லை. தண்ணீர் வேண்டுமா என்றும் கேட்டார். ஆனால் சீட்டில் அவள் பெயருக்குப் பக்கத்தில் 'சார்ந்தவர்' என்று, அதாவது யாரோ ஒரு படைவீரரின் குடும்பத்தாள் என்று, எழுதிவிட்டார். அதை அடித்துத் திருத்தி வாங்க இருபது நிமிடம் ஆனது.

டாக்டர் அறை ஒன்றே ஒன்று. பரிசோதனைக் கட்டிலை மறைக்க ஒரு திரைச்சீலை. கம்பியில் ஒன்பது வளையம் இருக்கவேண்டிய இடத்தில் ஐந்துதான் இருந்தது. திரை நடுவில் தொங்கிப்போயிருந்தது. கதவை ஒட்டிய பெஞ்சில் பதினோரு ஆண்கள். அதில் நான்கு பேர் எனக்குத் தெரிந்தவர்கள். டாக்டர் நல்லவர், வயதானவர், காது கொஞ்சம் மந்தம். அதனால் அவரும் சத்தமாகப் பேசுவார், நாமும் சத்தமாகப் பேசவேண்டும். மகள் உள்ளே போய் மூன்று நிமிடத்தில் வெளியே வந்தாள். முதுகுவலிக்கு ஒரு மாத்திரையும் ஒரு களிம்பும்.

"அவ்வளவுதானா?" என்று கேட்டேன்.

"அவ்வளவுதான் சொல்ல முடிஞ்சுது" என்றாள். அந்தப் பதிலில் இருந்ததை நான் அன்று கவனிக்கவில்லை. பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைக்காத எரிச்சலில் இருந்தேன்.

அதற்குப் பிறகு அவள் அந்தக் கிளினிக்குக்குப் போகவில்லை.

எங்கள் முன்னாள் படைவீரர் சங்கத்தின் அறை அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டி இருக்கிறது. உறுப்பினர்கள் ஐம்பத்தெட்டு பேர், அத்தனை பேரும் ஆண்கள். பிளாஸ்டிக் நாற்காலி நாற்பது, உட்கார்ந்தால் தாங்குவது முப்பத்திநான்கு. நான் செயலாளர். தலைவர் ஒரு ஓய்வுபெற்ற சுபேதார். நானும் அவரும் ஒரே நாளில் சங்கத்தில் சேர்ந்தவர்கள், இருபத்தாறு ஆண்டுப் பழக்கம். என் மனைவிக்கு ஆபரேஷன் ஆனபோது ஒன்பது நாள் ஆஸ்பத்திரிக்கு இட்லி கொண்டுவந்தவர் அவர். இதையும் எழுதவேண்டும். இல்லாவிட்டால் நடந்ததன் வலி புரியாது.

மகள் முதல் முறை கூட்டத்துக்கு வந்தபோது தலைவர் வாசலுக்கே வந்து அழைத்தார்.

"வா பாப்பா, வா. அம்மாங்கல்லாம் அந்தாண்ட பாய்ல உக்காந்துகினு இருக்காங்க பாரு, அங்க போய் உக்காரு."

அவள் சிரித்துக்கொண்டே முன்வரிசை நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தாள். பின்னாலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார்.

"யோவ் சுபேதாரு! கணக்குப்படி பார்த்தா நீதான்யா எழுந்து சல்யூட் அடிக்கணும். வந்திருக்கறது மேஜரு!"

"அடிக்கிறேன்டா. முதல்ல டீ வரட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அதை நான் வரவேற்பு என்று எடுத்துக்கொண்டேன். சல்யூட் கடைசிவரை வரவில்லை, டீ மட்டும் வந்தது.

பௌர்ணமி தோறும் சங்கத்தார் கிரிவலப் பாதையில் சேவைக்கு நிற்போம். கூட்டத்தை ஒழுங்கு செய்வது, தண்ணீர் கொடுப்பது, வழி தவறிய பிள்ளைகளை ஒப்படைப்பது. மகள் வந்த பிறகு முதலுதவி மேஜை ஒன்றும் போட்டோம். தலைவரின் யோசனைதான். "மேஜர் மேற்பார்வையில் முதலுதவி" என்று பேனரே அடித்தார். முதல் பௌர்ணமியில் மதியம் இரண்டு மணியிலிருந்து வெறுங்காலோடு வந்தவர்களின் கொப்புளங்களுக்கு அவள் மருந்து போட்டுக்கொண்டிருந்தாள். அறுபத்தேழு பேர்வரை நான் எண்ணினேன். ஐந்தரை மணிக்குக் கூட்டம் நெருக்கும் நேரத்தில், மேஜையை அப்படியே விட்டுவிட்டு ஒரு வார்த்தையும் சொல்லாமல் ஆட்டோ பிடித்துப் போய்விட்டாள்.

"இன்னா கிளார்க்கு, மேஜரு பின்வாங்கிட்டாங்க?" என்றார் தலைவர், எல்லோரும் கேட்கும்படி. "மிலிட்டரி டிசிப்ளின் இவ்ளோ தானா?"

எனக்கு அவமானமாக இருந்தது. மறுநாள் காலை என் மனைவியிடம் மகளைப் பற்றிப் பொரிந்து தள்ளினேன். அவள் காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"ஏங்க, எத்தனையோ எண்றீங்க. அவ வீட்டுக் கொடியில ஒரு நாளைக்கு எத்தனை புடவை காயுதுன்னு எண்ணியிருக்கீங்களா?"

"இது என்ன கேள்வி?"

"இருமினா, தும்மினா, கனமா எதையாச்சும் தூக்கினா, ரொம்ப நேரம் நின்னா, அவளால சிறுநீரை அடக்க முடியலைங்க. அந்த அடி பட்டதுலேர்ந்து. பிரசவத்துக்கு அப்புறம் ஜாஸ்தி. நேத்து அங்க போறதுக்கு ஒரு கக்கூஸ் உண்டா? மேஜை போட்டீங்களே, அதை யோசிச்சீங்களா?"

எனக்கு எழுபத்துநான்கு வயது. மகளைப் பற்றி இப்படி ஒன்றைக் கேட்டு எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியவில்லை. கிளினிக்கில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"உங்க சிநேகிதங்களையும் சேர்த்து பதினோரு ஆம்பளைங்க முன்னாடியா? காது கேக்காத டாக்டர்கிட்ட கத்திச் சொல்றதா?"

பிறகு மகளோடு பேசினேன். அவள் என்னைவிட எளிதாகப் பேசினாள், செவிலியர் அல்லவா. இதற்குப் பயிற்சி இருக்கிறது, சிகிச்சை இருக்கிறது, பாதிக்கு மேல் சரியாகிவிடும் என்றாள். ஒரு பெண் டாக்டர், வாரத்தில் ஒரு நாள். தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை. பக்கத்தில் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை. அடிபட்டதற்கும் இதற்கும் உள்ள தொடர்பை ராணுவ மருத்துவக் கோப்பிலிருந்து எடுத்து எழுதத் தெரிந்த ஒருவர். "நாலே விஷயம்ப்பா" என்றாள். "எனக்கு மட்டும் இல்ல." போனிலேயே தேடித் தேடி மாவட்டத்தில் ராணுவத்திலிருந்து வந்த பெண்களைக் கண்டுபிடித்திருந்தாள். போளூரில் இரண்டு பேர், செங்கத்தில் ஒருவர், ஆரணியில் இரண்டு பேர், வந்தவாசியில் ஒருவர். ஐந்து பேர் செவிலியர்கள், ஒருத்தி சிக்னல் பிரிவில் அதிகாரியாக இருந்தவள். இவளோடு ஏழு பேர். ஏழு பேரில் ஒருவர்கூட அந்தக் கிளினிக்குக்கு இரண்டாவது முறை போகவில்லை.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஊருக்கே ஒரு கிளினிக் வரப்போவதாகப் பேச்சு வந்தது. வாடகைக் கட்டடம் பார்த்தாகிவிட்டது. எந்த அறை எதற்கு என்று வரைபடம் போடுவதற்கு முன், சங்கத்தின் கோரிக்கைகளைக் குறைதீர் கூட்டத்தில் எழுத்தில் தரும்படி கேட்டிருந்தார்கள். எங்களிடம் எட்டுக் கோரிக்கைகள் இருந்தன. மகளின் நான்கு விஷயத்தையும் ஒரே பத்தியாக்கி ஒன்பதாவதாக நானே எழுதினேன்.

சங்கக் கூட்டத்தில் அதை வாசித்தபோது கொஞ்சம் நெளிந்தார்கள். தலைவர்தான் எழுந்து பேசினார். "நம்ம பொண்ணுக்குச் செய்யாம யாருக்குய்யா செய்யப் போறோம்? கையைத் தூக்கு!" முப்பத்தொரு கை உயர்ந்தது. கூட்டம் முடிந்து வெளியே வந்ததும், எதிரே தெரிந்த மலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு என் தோளில் கை வைத்தார். "அண்ணாமலையான் சாட்சி, கிளார்க்கு. இந்த ஒன்பதும் போவும். கவலையே படாத." அவரே டைப் செய்து கொண்டுவருவதாகக் கையெழுத்துப் பிரதியை வாங்கிக்கொண்டார்.

குறைதீர் கூட்டத்தன்று காலை கலெக்டர் அலுவலகத்துக்கு எதிரே டீக்கடையில் சந்தித்தோம். தலைவர் பிளாஸ்டிக் உறையிலிருந்து தாள்களை எடுத்துக் கொடுத்தார். "சீக்கிரம் போடு, கூப்பிட்டுடுவாங்க."

நான் எண்ணினேன். தாள் மூன்று. கையெழுத்து ஐம்பத்தேழு, என்னுடையது மட்டும் பாக்கி. கோரிக்கை எண்களை விரலால் தொட்டுக்கொண்டே போனேன். ஒன்று, இரண்டு, மூன்று... ஒன்பது. சரியாக இருந்தது. ஒவ்வொரு பக்கத்தின் கீழும் சுருக்கொப்பம் போட்டு, கடைசியில் முழுக் கையெழுத்துப் போட்டேன். டீயில் சர்க்கரை ஜாஸ்தி என்று கடைக்காரரிடம் குறைபட்டுக்கொண்டேன்.

கூட்டம் பெரிய அறையில். மகளும் மற்ற ஆறு பேரும் இடப்பக்கம் ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். போளூரிலிருந்து வந்த இருவரில் மூத்த அம்மாவுக்கு அறுபத்தொரு வயது. முழங்கால் வலியோடு இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். பழைய பதக்கங்களை ஒரு கைக்குட்டையில் முடிந்து மடியில் வைத்திருந்தார். குத்திக்கொள்ளலாமா வேண்டாமா என்று மகளிடம் கேட்டுக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது.

அதிகாரி எங்கள் மனுவை எடுத்து ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்தார். எட்டு முடிந்தது. ஏழு பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"ஒன்பது. ராணுவக் கேன்டீனில் மாதாந்திர மது ஒதுக்கீட்டை, உறுப்பினர்களின் வசதிக்காக, மாதத்தில் இரண்டு தவணையாகப் பெற்றுக்கொள்ள ஆவன செய்ய வேண்டும்."

ஆண்கள் பக்கத்தில் ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது. மகள் தலையைத் திருப்பினாள். அவள் தலைவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

அதிகாரி தாளைப் புரட்டிப் பார்த்தார். "பெண் வீரர்களுக்கு அறை வேணும்னு ஒரு பேச்சு இருந்துதே. உங்க சங்கத்துல அப்படி ஒண்ணும் கேக்கலையா?"

தலைவர் எழுந்தார். "அதெல்லாம் பேசி முடிச்சாச்சுங்க சார். எங்க செயலாளரே கையெழுத்துப் போட்டிருக்காரு பாருங்க. அதோ, அவரு பொண்ணுதான் அது."

"அப்படியா? செயலாளர் யாரு? நீங்க படிச்சுப் பார்த்துட்டுத்தானே போட்டீங்க?"

நான் எழுந்தேன். சொல்லவேண்டியது ஒரே வாக்கியம். 'நான் படிக்கவில்லை, எண்ணிக்கையை மட்டும் பார்த்துவிட்டுப் போட்டேன், இது நாங்கள் முடிவு செய்தது இல்லை.' வாய்வரை வந்தது. இருபத்திரண்டு ஆண்டு ராணுவக் கிளார்க், சங்கத்தில் ஒரு எழுத்துப்பிழைக்குத் தாளைக் கிழித்துப் போடுகிறவன். ஐம்பத்தேழு பேர் எதிரில், படிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று எப்படிச் சொல்வது?

"கையெழுத்து என்னுதுதாங்க சார்" என்றேன்.

பொய் இல்லை. அதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

மகள் எழுந்து முன்னால் போனாள். "அந்தப் பட்டியல்ல எங்க விஷயம் இல்ல சார். நாங்க ஏழு பேர் தனியா மனு கொடுக்கறோம்" என்றாள். கொடுங்கள், ஆனால் வரைபடம் பத்து நாளில் போய்விடும், சங்கமே கேட்காததை நாங்களாகச் சேர்ப்பது கஷ்டம் என்று அதிகாரி மரியாதையாகச் சொன்னார். அவர் மேல் எனக்குக் குறையில்லை. போளூர் அம்மா கைக்குட்டையைத் திரும்ப முடிந்து பைக்குள் வைத்துக்கொண்டார்.

வெளியே மரத்தடியில் தலைவரைப் பிடித்தேன்.

"என்னய்யா இப்படிப் பண்ணிட்ட? மலையைக் கும்பிட்டுச் சொன்னியே!"

"இரு இரு, கோவிச்சுக்காத. ஒன்பதுக்கு மேல போனா படிக்க மாட்டாங்கன்னு சொன்னாங்க. நம்மாளுங்க நச்சரிச்சிட்டானுங்க, தவணை விஷயத்தை. ஏழு பேருக்கு ஒரு ரூமு, ஒரு கக்கூஸு, ஒரு டாக்டரம்மா. நீயே கணக்குப் போட்டுச் சொல்லு. ஐம்பத்தெட்டு பெருசா, ஏழு பெருசா?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?"

அவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "தாளைக் கையில கொடுத்தேனே கிளார்க்கு! நீ படிக்காம போடுவியா? படிச்சுட்டு ஒண்ணும் சொல்லலையேன்னு, நீ ஒத்துக்கினன்னுதான் நெனச்சேன். உள்ள அவரு கேட்டப்பகூட நீ இல்லைன்னு சொல்லலையே?"

இருபத்தாறு ஆண்டுப் பழக்கம். அந்த முகத்தில் குற்றவுணர்ச்சி கொஞ்சமாவது இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். இல்லை. என்னை அவர் ஏமாற்றிவிட்டார் என்று எத்தனை பேரிடம் சொன்னாலும், அவருடைய அந்தக் கடைசிக் கேள்வியும் கூடவே வரும்.

மூன்று நாள் மகள் வீட்டுக்கு நான் போகவில்லை. நான்காம் நாள் ராஜினாமாக் கடிதம் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். அவள் தரையில் பாய் விரித்து, கணினியில் பார்த்த உடற்பயிற்சி எதையோ தானாகவே செய்துகொண்டிருந்தாள். எழுந்து துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு கடிதத்தை வாங்கிப் பார்த்தாள்.

"செயலாளர் பதவியை விட்டுடறேன்மா. இனி அந்த வாசப்படி ஏறமாட்டேன். அந்த ஆளு செஞ்ச துரோகத்துக்கு..."

"ரிசைன் பண்ணா எனக்கு என்னப்பா கிடைக்கும்?"

"அவனுக்கு உறைக்கும்."

"உறைக்காது. அவருக்கு வேற செயலாளர் கிடைப்பாரு." கடிதத்தை மடித்து என்னிடமே கொடுத்தாள். "வரைபடம் போக இன்னும் ஆறு நாள் இருக்குது. நீ செயலாளரா இருக்கும்போதே ஒரு லெட்டர் எழுது. ஒன்பதாவது கோரிக்கை சங்கம் முடிவு பண்ணது இல்ல, முப்பத்தொரு பேர் கை தூக்கினது வேறன்னு எழுது. கூட்ட மினிட்ஸ் புத்தகத்து நகல் வச்சுக் கொடு."

"எழுதறேன்."

"அப்புறம், நான் படிக்காம கையெழுத்துப் போட்டேன்னு எழுது."

"அது எதுக்கு? தவறுதலா மாறிடுச்சுன்னு எழுதினா போதாதா?"

"போதாது. கேட்டப்ப உன் கையெழுத்துதான்னு சொல்லிட்டியேப்பா. அதுக்கு மேல வேற எதை எழுதினாலும் நிக்காது."

அவள் குரலை உயர்த்தவில்லை. ஏன் சொன்னாய் என்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் தலைவரைத் திட்டியே அரை மணி நேரம் ஓட்டியிருப்பேன்.

அவள் மேஜையிலேயே உட்கார்ந்து எழுதினேன். நான்கு முறை எழுதிக் கிழித்தேன். ஒவ்வொரு முறையும் அந்த வாக்கியம் வரும்போது, 'அவசரத்தில்' என்றோ 'வயது காரணமாக' என்றோ ஒரு சொல் தானாக வந்து முன்னால் உட்கார்ந்துகொண்டது. ஐந்தாவது முறை அதை விட்டுவிட்டு எழுதினேன். 'மனுவின் உள்ளடக்கத்தைப் படிக்காமல், கோரிக்கைகளின் எண்ணிக்கையை மட்டும் சரிபார்த்துக் கையொப்பமிட்டேன். குறைதீர் கூட்டத்தில் தாங்கள் கேட்டபோதும் இதைச் சொல்லவில்லை.' ஒன்றரைப் பக்கம் வந்தது. அதற்குமேல் நான் எண்ணவில்லை.

கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தேன். "இருப்பா" என்று தாளை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். ஜன்னல் பக்கம் திரும்பி நின்று முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தாள். பிறகு மறுபடியும் மேலிருந்து படித்தாள். முன்பெல்லாம் ராணுவத்திலிருந்து அவளுக்கு வரும் எந்தக் காகிதத்தையும், "அப்பா பார்த்துட்டா சரி" என்று சொல்லி, படிக்காமலே கையெழுத்துப் போடுகிறவள்.

தாளை மேஜையில் வைத்து, போடவேண்டிய இடத்தைக் காட்டினாள். போட்டேன்.

"நானே கொண்டுபோய்க் கொடுத்து, முத்திரை போட்ட நகல் வாங்கிட்டு வந்துடறேன். பக்கத்துலதானே" என்றேன்.

"வேணாம்ப்பா" என்று உறையில் போட்டுக்கொண்டே செருப்பை மாட்டினாள். "நான் கொடுத்துக்கறேன்."